பழைய வீட்டில் ஓர் அறையைப் புதுப்பித்தல்: ஈரத்தில் தொடங்கி நிறத்தில் முடியும் வேலை

'முன்பு', 'பின்பு' என்று இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பெயின்டும் புது விளக்கும் சேர்ந்தே எல்லாவற்றையும் செய்துவிட்டது போலத் தோன்றும். பழைய வீட்டில் அது நடக்காது. ஓதம் ஏறிய சுவரில் எவ்வளவு நல்ல பெயின்ட் அடித்தாலும் சில மாதங்களில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி உதிரும். படத்தில் தெரியாத வேலைகளுக்குத்தான் காலமும் காசும் அதிகம் போகும். அதை முதலிலேயே ஏற்றுக்கொண்டால் பாதி எரிச்சல் குறையும்.

முதன்முறையாகக் கைவைப்பவர்கள் ஓர் அறையோடு தொடங்குங்கள். படுக்கையறையோ படிக்கும் அறையோ நல்லது. குளியலறையையும் சமையலறையையும் முதல் வேலையாக எடுக்காதீர்கள். குழாய், கழிவுநீர், மின்சாரம் மூன்றும் அங்கே ஒரே சுவருக்குள் சிக்கிக் கிடக்கும். ஒன்றைத் தொட்டால் மற்றவற்றையும் தொட வேண்டிவரும். செலவுக் கணக்குப் போடும்போது மொத்தத்தில் 15 முதல் 20 சதவீதத்தைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். பழைய சுவரை உடைத்துப் பார்க்கும்வரை உள்ளே என்ன இருக்கிறதென்று கொத்தனாருக்கும் தெரியாது.

பார்ப்பது, தட்டுவது, அளப்பது

ஒரு பொருளையும் நகர்த்துவதற்கு முன் படம் எடுத்துவிடுங்கள். நான்கு மூலையிலிருந்தும் ஒவ்வொன்று, கூரை, தரை, சுவிட்ச் போர்டு, சன்னலின் உட்புறம், வெளிப்புறம். நின்ற இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்து, அறையின் வரைபடத்திலும் எழுதிக்கொள்ளுங்கள். வேலை நடக்கும்போது டேப் எப்படியும் போய்விடும். வேலை முடிந்தபின் அதே இடம், அதே உயரம், அதே நேரத்து வெளிச்சத்தில் எடுத்தால்தான் ஒப்பிடுவதில் அர்த்தம் இருக்கும். முன்புப் படத்தை மங்கிய மாலையிலும் பின்புப் படத்தை அகலமான லென்சில் எல்லா விளக்கையும் போட்டும் எடுத்தால் எந்த அறையும் மாறியதுபோலத்தான் தெரியும்.

அப்புறம் சுவரைத் தட்டுங்கள். விரல் கணு போதும். பூச்சு செங்கல்லைப் பிடித்திருக்கும் இடத்தில் ஒலி இறுக்கமாக வரும். விட்டுப்போன இடத்தில் பொக்கென்று கேட்கும். பொக்கான இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே போங்கள். சிறு திட்டுகளாக இருந்தால் அங்கே மட்டும் கொத்திப் பூசலாம். சுவரில் பாதிக்கு மேல் வட்டமாகிவிட்டால் முழுப் பூச்சையும் எடுப்பதே சிக்கனம்.

மரத்துக்கு ஒரு ஸ்க்ரூடிரைவர் வேண்டும். கதவு நிலையின் அடிப்பகுதி, சன்னலின் கீழ்ச்சட்டம், சுவருக்குள் போகும் உத்தரத்தின் முனை, இந்த மூன்று இடங்களில் குத்திப் பாருங்கள். மரம் முதலில் கெடுவது அங்கேதான். முனை எளிதாக இறங்கினால் உள்ளே உளுத்திருக்கிறது. சுவரோரம் மண் கோடு ஓடினால் கரையான். குண்டூசித் தலை அளவு ஓட்டைகளும் அவற்றின் கீழே புதிதாக உதிர்ந்த மாவும் இருந்தால் மரத்தைத் துளைக்கும் வண்டு இன்னும் உள்ளே உயிரோடிருக்கிறது என்று கொள்ளலாம். ஓட்டை மட்டும் இருந்து மாவு இல்லையென்றால் அது பெரும்பாலும் முடிந்துபோன கதை.

அளவெடுக்கும்போது அறை செவ்வகம் என்று நம்பிவிடாதீர்கள். ஒவ்வொரு சுவரையும் தரையருகே, இடுப்பளவில், தலைக்கு மேல் என்று மூன்று உயரத்தில் அளக்க வேண்டும். எதிரெதிர் மூலைகளுக்கு இடையே இரண்டு குறுக்களவுகளையும் எடுங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் அறை கோணலாக இருக்கிறது. ஒரு மூலை மட்டும் நேரா என்று பார்க்க, ஒரு சுவரில் 3 அடி, அடுத்த சுவரில் 4 அடி குறித்து இடையே அளந்தால் 5 அடி வர வேண்டும். சுவரோடு பதியும் அலமாரிக்கு இருப்பதில் மிகச் சிறிய அளவைக் கொடுத்துவிட்டு, ஓரத்து இடைவெளியைப் பட்டைச் சட்டம் வைத்து, சுவரின் வளைவுக்கு ஏற்பச் சீவி அடைப்பதுதான் தச்சர்களின் வழக்கம். புதியவர்கள் பலர் நடு உயரத்தில் ஒரே அளவை எடுத்துக்கொண்டுபோய், அலமாரி உள்ளே நுழையாமல் நிற்பார்கள்.

ஈரம் எங்கிருந்து வருகிறது

இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். ஈரம் வரும் வழி பெரும்பாலும் மூன்று: தரையிலிருந்து சுவரில் ஏறுவது, மழையோ குழாயோ வெளியிலிருந்து ஊறுவது, அறைக்குள் இருக்கும் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிவது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

தரையிலிருந்து ஏறும் ஓதம் சுவரின் அடியிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம்வரை நிற்கும். அதன் மேல் விளிம்பில் உப்புப் பூத்த கோடு ஒன்று கிடைமட்டமாக ஓடும். கூரையிலிருந்து வருவது மேலே பழுப்பு வளையமாகத் தொடங்கும். மழைக்குப் பிறகு பெரிதாகும். சுவரின் நடுவில், மழைக்கும் தரைக்கும் தொடர்பில்லாமல், எப்போதும் ஈரமாக இருக்கும் திட்டு என்றால் அங்கே குழாய் போகிறதா என்று பாருங்கள். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் விடை கிடைக்கும். மீட்டர் இல்லையென்றால் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துப் பார்க்கலாம்.

சந்தேகமாக இருந்தால் எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு சாண் அளவு அலுமினியத் தாளை வெளிப்பார்வைக்கு உலர்ந்திருக்கும் சுவர்ப்பகுதியில் வைத்து நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் அறையின் காற்றிலிருந்து வருகிறது. பிரித்துப் பார்க்கும்போது உள்பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. முதல் வகைக்குக் கொத்தனாரே தேவையில்லை. காற்றோட்டம், வெளியேற்றும் விசிறி, அறைக்குள் துணி உலர்த்தாமல் இருப்பது, வெளிச்சுவரை ஒட்டிய பீரோவை நாலு விரற்கடை தள்ளி வைப்பது, இவற்றிலேயே பூஞ்சை பெருமளவு அடங்கும்.

சுவருக்குள்ளிருந்து வருவதற்கு வெளியே போய்ப் பாருங்கள். வெளித்தரை வீட்டின் உள்தரையைவிடக் குறைந்தது 15 சென்டிமீட்டராவது கீழே இருக்க வேண்டும். வருடக்கணக்கில் மண்ணும் தளக்கல்லும் கொட்டி வெளித்தரை உயர்ந்து, சில வீடுகளில் உள்தரையையே தொட்டிருக்கும். அந்த மண்ணை வெட்டி எடுத்துச் சரிவு கொடுப்பதே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். மழைநீர்க் குழாயின் மூட்டு, சன்னலுக்கு மேலுள்ள சன்ஷேடின் வெடிப்பு, மொட்டைமாடி கைப்பிடிச் சுவரின் அடி, இவற்றையும் பார்த்துவிடுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். போர்ட்லாண்ட் சிமென்டுக்கு முதல் காப்புரிமை கிடைத்தது 1824இல். அது வீட்டுச் சுவர்களுக்குப் பரவலாக வர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. அதற்கு முன் கட்டியவை, பின்னரும் கட்டப்பட்ட ஏராளமானவை, சுண்ணாம்புச் சாந்தில் எழுந்த சுவர்கள். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்ளே வாங்கி ஆவியாக வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் அந்த வழி அடைபடும். ஈரம் வெளியேற முடியாமல் செங்கல்லுக்குள் தங்கும், அல்லது பூச்சு முடியும் உயரத்துக்கு மேலே ஏறி அங்கே உப்பை விடும். பழைய செங்கல் மென்மையானது. சிமென்டின் இறுக்கத்துக்கு ஈடுகொடுக்காமல் அதன் முகமே பொடிந்து விழும். 'சிமென்ட் போட்டு அழுத்திப் பூசினால் ஒரு சொட்டு வராது' என்று யாராவது சொன்னால் அது எந்தச் சாந்தில் கட்டிய சுவர் என்று முதலில் கேளுங்கள். கொத்திய இடத்தில் சாந்து வெளுப்பாக, நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தால் அது சுண்ணாம்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அங்கே சுண்ணாம்புப் பூச்சையே போடுங்கள். ஈரம் தடுக்கும் பெயின்டை உட்பக்கம் அடிப்பதும் அதே தவறுதான்.

காரணத்தைச் சரிசெய்த பிறகு சுவர் உலர வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது கட்டட வேலையில் சொல்லும் கணக்கு. கனமான சுவருக்கு இது பல மாதங்கள் ஆகும். உப்பேறிய பழைய பூச்சை எடுத்துவிட்டு, சுவரைத் திறந்துபோட்டு, சன்னலைத் திறந்து வைத்துக் காத்திருப்பது தவிர வேறு குறுக்குவழி இல்லை. அந்த நேரத்தில் கதவு சன்னல் வேலைகளைப் பார்க்கலாம்.

நிபுணரிடம் கேட்காமல் தொடக்கூடாதவை

இரண்டு சிறிய அறைகளை ஒன்றாக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். பழைய வீடுகளில் பெரும்பாலும் தூண் கிடையாது. சுவர்களே கூரையைத் தாங்குகின்றன. தட்டினால் மெல்லிய தடுப்புச் சுவர் போலக் கேட்பதும் பின்னாளில் மேலே சேர்த்த ஏதோ ஒன்றைத் தாங்கிக்கொண்டு நிற்கலாம். சுவரை எடுப்பதென்றால் கட்டமைப்புப் பொறியாளர் வந்து பார்த்து, மேலே என்ன உத்தரம் வைக்க வேண்டும் என்று எழுத்தில் தர வேண்டும்.

விரிசல்களில் தலைமுடி அளவில் இருப்பவை பெரும்பாலும் பூச்சின் மேல்தோலில் மட்டும் இருக்கும். 5 மில்லிமீட்டருக்கு மேல் அகலமானவை, படிக்கட்டுபோலச் சாய்ந்து ஏறுபவை, கீழே குறுகி மேலே விரிபவை ஆகியவற்றைப் பொறியாளருக்குக் காட்டுங்கள். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்துச் சில மாதங்கள் கவனித்தால் அது இன்னும் நகர்கிறதா, எப்போதோ நின்றுவிட்டதா என்று தெரியும். நின்றுவிட்டதை அடைக்கலாம். நகர்வதை அடைத்தால் மறுபடி திறக்கும்.

பழைய எண்ணெய்ப் பெயின்டில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு 1978இல்தான் தடை வந்தது. பல நாடுகளில் அதற்கும் வெகு பின்னால். அடுக்கடுக்காகப் பெயின்ட் ஏறிய பழைய கதவை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் நெருப்பு காட்டிச் சுரண்டுவதும் வேண்டாம். நனைத்துத் தேய்க்க வேண்டும். நுண்துகள் தடுக்கும் முகக்கவசம் வேண்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக்கூடாது. பெருக்குவதற்குப் பதிலாக ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். அதேபோல் பழைய கூரைத் தகடு, குழாய்மேல் சுற்றிய பொதி, சில பழைய வினைல் தரை ஓடுகள் ஆகியவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். உடைக்காமல், துளையிடாமல் இருந்தால் ஆபத்து குறைவு. எடுத்தே ஆக வேண்டுமென்றால் அதற்கான பயிற்சி உள்ளவர்களை அழையுங்கள்.

மின்சாரத்தில் சேமிப்பு பார்க்க வேண்டாம். துணியோ ரப்பரோ சுற்றிய வயர், எர்த் இல்லாத இரண்டு துளை பிளக், பீங்கான் ஃபியூஸ், இவற்றில் ஏதாவது இருந்தால் அந்த அறைக்குப் புது வயர் இழுத்துவிடுங்கள். விளக்குக்கு 1.5, பிளக்குகளுக்கு 2.5, ஏசிக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்புக்கம்பி என்பது பரவலான வழக்கம். உங்கள் சுமைக்கு எது என்பதை எலக்ட்ரீஷியன் கணக்கிட்டுச் சொல்வார். மின்கசிவு 30 மில்லிஆம்பியரைத் தொட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச் கட்டாயம் இருக்கட்டும். பிளக்குகளை நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக வையுங்கள், சுவர் மூடிய பிறகு ஒரு பிளக் சேர்ப்பதுபோல வெறுப்பூட்டும் வேலை வேறில்லை.

வேலையின் வரிசை

மேலிருந்து கீழ், ஈர வேலையிலிருந்து உலர் வேலை, தூசி அதிகமானதிலிருந்து குறைவானது. இதை மனதில் வைத்தால் வரிசை தானாக அமையும். முதலில் உடைத்தல்; பிறகு கூரைக் கசிவு, உத்தரம், விரிசல்; பிறகு வயருக்கும் குழாய்க்கும் காடி வெட்டுதல்; கதவு சன்னல் நிலைகளைச் சீராக்குதல்; பூச்சு; உலர விடுதல்; தரை; பட்டி, பிரைமர்; பெயின்ட்; கடைசியாக விளக்கு, சுவிட்ச் மூடி, கைப்பிடி.

காடி வெட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். செங்குத்தான காடி சுவரின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும், கிடைமட்டக் காடி ஆறில் ஒரு பங்குக்கு மேலும் போகக்கூடாது. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று குறுக்கே ஆழமாக ஓட்டிவிடுவார்கள். குழாய் போட்டிருந்தால் மூடுவதற்கு முன் அழுத்தம் ஏற்றி ஒரு நாளாவது விட்டுக் கசிகிறதா என்று பாருங்கள். காடியை மூடுவதற்கு முன் அளவு நாடாவைச் சுவரோடு பிடித்து ஒரு படம். 'முன்பு', 'பின்பு' படங்களைவிட இந்த 'நடுவில்' படம்தான் பிற்காலத்தில் உதவும். ஆணி அடிக்கும் ஒவ்வொரு முறையும் எடுத்துப் பார்ப்பீர்கள்.

பூச்சு முடிந்ததும் ரசமட்டத்தையும் தூக்குக்குண்டையும் வைத்து ஒவ்வோர் அங்குலத்தையும் நேராக்கச் சொல்லாதீர்கள். பழைய சுவரின் லேசான நெளிவு கண்ணை உறுத்தாது. அதை நேராக்கப் போய்ச் சாந்து கனமாகி, பாரம் தாங்காமல் கழன்று விழுவதுதான் நடக்கும். அலமாரி, கண்ணாடி, ஓடு வரும் இடங்களில் மட்டும் நேராக இருந்தால் போதும். புதுச் சிமென்ட் பூச்சின்மேல் குறைந்தது நான்கு வாரம் கழித்தே பெயின்ட். அதன் காரம் எண்ணெய்ப் பெயின்டைச் சோப்பாக்கி உரித்துவிடும்.

தரை, மரம்

தரையைப் பெயர்ப்பதற்கு முன் ஒரு மூலையைச் சுரண்டிப் பாருங்கள். பழைய வினைல் ஓடென்றால் மட்டும் மேலே சொன்ன ஆஸ்பெஸ்டாஸ் எச்சரிக்கையை நினைத்து அதைச் சுரண்டாதீர்கள். கறை பிடித்த வினைலுக்கோ விரிப்புக்கோ அடியில் மொசைக் தரையோ பலகைத் தரையோ இருக்கலாம். மொசைக்கை மெஷின் போட்டு அரைத்துப் பாலிஷ் செய்தால் புதுத்தரைக்கு ஆகும் செலவில் சிறு பகுதியில் முடிந்துவிடும். பழைய தரைமேலேயே ஓடு ஒட்டுவதானால் ஓடும் பசையுமாக ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரும். கதவின் அடியைச் சீவ வேண்டும், வாசலில் அடுத்த அறையோடு படி உண்டாகும். பொக்காக ஒலிக்கும் தரைமேல் ஒட்டவே கூடாது.

பழைய கதவு சன்னலைக் கழற்றி எறிய அவசரப்பட வேண்டாம். மெதுவாக வளர்ந்த மரத்தில் செய்தவை, இன்று கிடைக்கும் மரத்தைவிட அடர்த்தி மிக்கவையாக இருப்பது வழக்கம். நிலையின் அடியில் மட்டும் உளுத்திருந்தால் அந்தத் துண்டை வெட்டிப் புதுத்துண்டை ஒட்டு வைக்க நல்ல தச்சருக்குத் தெரியும். பெயின்ட் மூடிய பித்தளைக் கீல், தாழ்ப்பாள்களைச் சலவைச் சோடா கலந்த வெந்நீரில் ஊறவைத்தால் பெயின்ட் தோலாக உரிந்து வரும். அலுமினியத்துக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள், அரித்துவிடும்.

மரத்துக்கு ஆளி எண்ணெய் பூசுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது காற்றோடு வினைபுரிந்து சூடேறித் தானாகவே தீப்பிடிக்கலாம். தண்ணீரில் நனைத்து மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள், அல்லது வெட்டவெளியில் விரித்து உலர்த்துங்கள்.

வெளிச்சமும் நிறமும்

இங்கிருந்துதான் 'பின்பு' தொடங்குகிறது. முதலில் விளக்கைத் தீர்மானியுங்கள், நிறம் அதன் பிறகு. ஒரே டியூப்லைட்டை நடுச்சுவரில் மாட்டினால் அறை தட்டையாகிவிடும். பொதுவெளிச்சம் ஒன்று, படிக்கும் இடத்தில் ஒன்று, ஒரு மூலையையோ சுவரையோ எடுத்துக்காட்ட ஒன்று என்று பிரித்து, தனித்தனி சுவிட்ச் கொடுங்கள். விளக்கொளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள்; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். ஓய்வறைக்கு 2700 முதல் 3000 கெல்வின், வேலை மேசைக்கு 4000 பொருந்தும். 6500 கெல்வின் விளக்கு எந்த நிறத்தையும் நீலம் பாய்ந்ததாக்கும். எல்இடி பெட்டியில் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு) 90 அல்லது அதற்கு மேல் என்று இருந்தால் நிறங்கள் உள்ளபடி தெரியும்.

பழைய வீட்டின் உயரமான கூரையை ஃபால்ஸ் சீலிங் போட்டு ஏன் மறைக்கிறார்கள் என்று எனக்குப் புரிவதேயில்லை. அறையின் பெரிய அழகு அந்த உயரம்தான். மேலே கசிந்தாலும் பலகை ஊறித் தொங்கும்வரை தெரியாமல் போகும் என்பது அடுத்த சங்கடம்.

நிற அட்டையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சிறு டப்பா வாங்கி ஒரு பெரிய அட்டையில் இரண்டு கோட் அடித்து, காலை, மாலை, விளக்கொளி மூன்றிலும் வெவ்வேறு சுவர்களில் சாய்த்து வைத்துப் பாருங்கள். நேரடி வெயில் வராத அறைக்கு வெள்ளை அடித்தால் வெளிச்சம் கூடும் என்று நினைப்போம். அங்கே பளிச் வெள்ளை சாம்பலாகத்தான் தெரியும், லேசான மஞ்சள் சேர்ந்த நிறம் எடுபடும். மேடுபள்ளமுள்ள சுவருக்கு மேட் பூச்சு. பளபளப்பு ஏற ஏற ஒவ்வொரு நெளிவும் துலங்கும். சுண்ணாம்புச் சுவரென்றால் சுண்ணாம்பு வண்ணமோ ஆவி கடந்து செல்லும் கனிமப் பெயின்டோ வேண்டும். பிளாஸ்டிக் போன்ற எமல்ஷன் அடித்தால் இதுவரை பட்ட பாடு வீண்.

மற்ற சுவர்களில் பட்டி பார்த்து 120 எண் உப்புத்தாளில் தொடங்கி 220இல் முடியுங்கள். விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தால் விட்டுப்போன மேடுகள் நிழலாகத் தெரியும். பிரைமர் ஒரு கோட், பெயின்ட் இரண்டு கோட். கூரை முதலில், பிறகு சுவர், கடைசியாக மரவேலை. ஓரங்களைத் தூரிகையால் அடித்து அது உலர்வதற்குள் ரோலரால் நடுவை நிரப்பினால் எல்லைக்கோடு விழாது. ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் வரும். உறிஞ்சும் பழைய சுவரில் அதைவிடக் குறையும். மாஸ்கிங் டேப்பைக் கடைசிக் கோட் முழுதாகக் காய்வதற்கு முன்பே உரித்துவிடுங்கள்.

பொருள்களை உடனே திருப்பி அடைக்காமல் ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுவாருங்கள். சிலவற்றுக்கு இனி இடமில்லை என்பது அப்போதுதான் தெரியும்.

அடுத்த சில மாதங்களில் நிலைக்கும் சுவருக்கும் இடையிலும் மூலைகளிலும் மெல்லிய கோடுகள் விழும். புதுச்சாந்து உலர்ந்து சுருங்குவதால் வருவது அது, பயப்பட ஒன்றுமில்லை. ஒரு மழைக்காலம் போகட்டும். அதன்பின் நீளும் தன்மையுள்ள அக்ரிலிக் சீலன்ட் வைத்து அடைத்து அந்த இடத்தில் மட்டும் தொட்டு அடித்தால் போதும். அதற்காகத்தான் மிச்சப் பெயின்டை இறுக மூடி, நிற எண்ணையும் எந்த அறை என்பதையும் டப்பாவின் மேல் எழுதிப் பரணில் வைக்கச் சொல்வது.